டிரங்குப் பெட்டிக் கதை வரட்டும், அந்தச் சிறுமியின் கதை வேண்டாம்

கடிதம் எழுதியவர் தென் மாவட்டம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மதிய வகுப்பில் பிள்ளைகள் தூங்கி வழியும்போது பேய்க்கதை சொல்லித்தான் உட்கார வைப்பாராம். அதைக் கேள்விப்பட்ட ஒரு பதிப்பாளர், 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு 'உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில் திகில் கதைகள்' என்று ஒரு நூல் வரிசை கேட்டிருக்கிறார். டீச்சர் மூன்று கதைகளை எழுதி முடித்துவிட்டார். முதல் கதை 1952-ல் சென்னையைக் குலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கை வைத்து எழுதியது. இரண்டாவது தொடர் கொலைகாரன் ஆட்டோ சங்கரின் வழக்கு. மூன்றாவது, அவருடைய பக்கத்துத் தாலுகாவில் சில ஆண்டுகளுக்கு முன்பு பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றியது. அந்த வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது. கதையில் அந்தச் சிறுமி ஆவியாக வந்து, தன்னைக் கொன்றவனைத் தன் தோழிகளுக்குக் காட்டிக்கொடுக்கிறாள்.

"இதெல்லாம் கேஸாகிடும்மா" என்று மகன் பயமுறுத்துகிறார். "பேப்பரில் வந்த விஷயம்தானே, பெயரை மாற்றிவிட்டால் போதும், உள்ளே 'யாவும் கற்பனையே' என்று போட்டுவிடலாம்" என்று பதிப்பாளர் தைரியம் சொல்கிறார். செத்துப்போனவர்களைப் பற்றி எழுதினால் யார் வழக்குப் போட முடியும் என்று டீச்சரே ஒரு கேள்வி கேட்கிறார். சிறுமியின் தாயிடம் சம்மதம் எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. கதைகளின் நகலையும் ஒப்பந்தத்தின் நகலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். ஊர், ஆள் அடையாளம் எல்லாவற்றையும் இங்கே மாற்றித்தான் சொல்கிறேன்.

டீச்சர், மூன்று கதைகளையும் படித்துவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் கதை தாராளமாக வரலாம், சில திருத்தங்களோடு. இரண்டாவதை நீங்கள் திரும்ப எழுத வேண்டும். மூன்றாவதை வெளியிடாதீர்கள். பெயரை மாற்றியும் வேண்டாம், ஊரை மாற்றியும் வேண்டாம், தாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

உங்கள் மகன் நினைப்பதுபோல, நடந்த குற்றத்தை வைத்துக் குழந்தைகளுக்குக் கதை எழுதுவதே தப்பு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பழையனூர் நீலி கதை என்ன? கணவன் கையால் கொலையுண்ட பெண் பேயாக வந்து பழி தீர்த்த கதை. அதைப் பாட்டி சொல்லக் கேட்டுப் பயந்துகொண்டே தூங்கிய பிள்ளைகள் எத்தனை தலைமுறை! நடந்த கொலைகளைப் பாட்டாக்கிய கொலைச்சிந்தைச் சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்ற காலத்தில், கூட்டத்தின் முன்வரிசையில் நின்று வாய் பிளந்து கேட்டதும் பிள்ளைகள்தான். குழந்தைகளுக்குப் பயம் பிடிக்கும். பயத்தைக் கதைக்குள் வைத்துப் பழகுவது அவர்களுக்கு நல்லது என்று நானும் நம்புகிறேன். எனவே என் கவலை பயத்தைப் பற்றியது இல்லை. கதைக்குள் இழுத்து வரப்படுகிற நிஜ மனிதர்களைப் பற்றியது.

பிள்ளைகளுக்கான திகில் நூல் என்றே ஒரு சட்டம்

இப்படி ஒரு சட்டம் இருப்பது உங்கள் பதிப்பாளருக்குத் தெரிந்திருக்காது. வக்கீல்களிலேயே பலர் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். 1956-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, இளம் வயதினருக்குத் தீங்கு விளைவிக்கும் வெளியீடுகள் பற்றிய சட்டம் அது. 20 வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரும் அதில் இளம் வயதினர். குற்றம் செய்வதையோ, வன்முறை, கொடூரச் செயல்களையோ, அருவருப்பும் கோரமுமான நிகழ்வுகளையோ முழுக்கவோ பெரும்பாலோ சித்திரிக்கும் கதைகள், படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதன் வரம்புக்குள் வரக்கூடும். அப்படிப்பட்ட நூலை விற்பவருக்கும் அச்சிடுபவருக்கும் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மாநில அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்யவும் உத்தரவிடலாம்.

இதைப் படித்ததும் பதறிவிடாதீர்கள். ஒரு பக்கத்தில் ரத்தம் வருகிறது என்பதற்காக நூல் மாட்டிக்கொள்ளாது. வெளியீட்டை முழுமையாகப் பார்க்கும்போது, அது வாசிக்கும் பிள்ளையைக் குற்றத்துக்கோ கொடூரத்துக்கோ தூண்டிக் கெடுக்கும் தன்மை உடையதாக இருக்க வேண்டும். உங்கள் கதைகளில் அது எங்கும் இல்லை. குற்றவாளியை நீங்கள் வீரனாக்கவில்லை. ஒரே ஒரு இடம்தான் உறுத்துகிறது. ஆட்டோ சங்கர் கதையில் உடலை மறைப்பதை ஒவ்வொரு படியாக, கிட்டத்தட்டச் செய்முறை விளக்கம் போல எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். அது இல்லாமலே கதையில் வரும் அந்தப் பூசிய சுவரைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது.

இந்தச் சட்டம் பிறந்த பத்தாண்டில் பல நாடுகளில் இதே பயம் இருந்தது. 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கத்தியும் கம்புமாக ஒரு கல்லறைத் தோட்டத்தில் புகுந்தார்கள். இரும்புப் பல் கொண்ட ரத்தக் காட்டேரி ஒன்று இரண்டு பையன்களைக் கொன்றுவிட்டதாம், அதை வேட்டையாட வந்தார்களாம். அப்படி எந்தப் பையனும் அங்கே சாகவில்லை, காணாமலும் போகவில்லை. பழி அமெரிக்கத் திகில் காமிக்ஸ் மேல் விழுந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் அவற்றுக்கு எதிராகச் சட்டம் வந்தது. அந்தக் காட்டேரி எந்தக் காமிக்ஸிலிருந்து வந்தது என்று யாரும் காட்டவில்லை என்பது வேறு விஷயம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான்: 'நிஜமாகவே நடந்தது' என்று நம்பிவிட்ட பிள்ளை போர்வைக்குள் சுருண்டு படுத்துக்கொள்வதோடு நிற்காது, எழுந்து தேடப் போகும். உங்கள் மூன்றாவது கதையைப் படிக்கிற பக்கத்துத் தாலுகாப் பிள்ளை எந்தத் தெருவுக்குத் தேடிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

'பேப்பரில் வந்ததுதானே?'

இந்தக் கேள்விக்கான பதில், உங்கள் இரண்டாவது கதையின் நாயகனாலேயே கிடைத்தது. ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுச் சிறையில் இருந்தபோது தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதை 'நக்கீரன்' பத்திரிகை வெளியிட முன்வந்தது. சிறைத்துறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். ஆசிரியர் ஆர்.ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபரில் வந்த அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் எழுத்துச் சுதந்திர வழக்குகளில் மேற்கோள் காட்டாமல் இருக்க முடியாது.

நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது. ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தை பெறுதல், கல்வி போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட யாருக்கும் உரிமை இல்லை, எழுதுவது புகழ்ச்சியானாலும் சரி, இகழ்ச்சியானாலும் சரி. ஆனால் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் பதிவாகிவிட்ட விஷயத்தை எழுதச் சம்மதம் தேவையில்லை. அதற்கும் ஒரு விலக்கு உண்டு. பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் பெயரையும் சம்பவத்தையும் திரும்பத் திரும்ப ஊடகத்தில் போட்டு அவரை அவமானப்படுத்தக் கூடாது. வெளியாகும் முன்பே தடை போட அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

ஆகவே 'பேப்பரில் வந்தது' என்பது அளவுகோல் இல்லை. நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். தீர்ப்பின் நகலை நகல் மனு போட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு வரியும் உங்கள் பொறுப்பு.

உங்கள் இரண்டாவது கதை தாண்டிப் போகிறது. 'ரிக்‌ஷா சங்கரன்' என்று பெயர் வைத்து, திருவான்மியூர் என்று இடமும் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியாது? அதுகூடப் பரவாயில்லை. 6 கொலைகள், 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கு, எல்லாம் ஊரறிந்தது. ஆனால் கொலைகாரனின் மகள் அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, அப்பா சுவர் பூசுகிற சத்தத்தைக் கேட்பதாக ஒரு காட்சி வைத்திருக்கிறீர்கள். மூன்று கதைகளிலும் நன்றாக வந்திருக்கும் காட்சி இதுதான். ஆபத்தானதும் இதுதான். அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவர்கள் இன்று நடுவயதில், எங்கோ தங்கள் பாட்டில் வாழ்ந்துகொண்டிருப்பார்கள். நீங்கள் கற்பனை செய்த அந்த வீட்டுப்பாட நோட்டு, தீர்ப்பு பாதுகாக்கிற இடத்தில் நேராகக் கை வைக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வழக்கின் வேர் கள்ளச்சாராயத்திலும் பெண்களை வைத்து நடந்த தொழிலிலும் இருந்தது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் கோரம். அதை வைத்தால் பத்து வயதுப் பிள்ளைக்கான கதை இல்லை. எனவே சங்கரையும் ஆட்டோவையும் திருவான்மியூரையும் விட்டுவிடுங்கள். சுவரையும், அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கும் பெண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டு, யாருடைய வீடும் அல்லாத ஒரு வீட்டில் வைத்துப் புதிதாக எழுதுங்கள். கதை குறையாது, கூடும்.

செத்தவர்களுக்கு வழக்கு உண்டா?

வழக்குப் போட முடியாது என்று நீங்கள் நினைப்பது பாதி சரி. அந்தரங்க உரிமை ஒருவரின் சாவோடு முடிகிறது, சொத்துப்போல வாரிசுக்குப் போகாது என்று ஜெயலலிதா வாழ்க்கைப் படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் போட்ட வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அவதூறுச் சட்டம் சாவோடு முடிவதில்லை. இறந்தவரைப் பற்றிச் சொல்வது அவர் உயிரோடு இருந்தால் பெயரைக் கெடுத்திருக்கும் என்றால், அதுவும் குடும்பத்தார் மனம் நோகவேண்டும் என்ற நோக்கத்தோடு சொல்லப்பட்டால், அது அவதூறு ஆகலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவில் இருந்த இந்த விளக்கம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அப்படியே இருக்கிறது.

ஆளவந்தார் கதைக்கு இது பொருந்துமா? போட் மெயில் ரயிலில் துர்நாற்றம் அடித்து, மானாமதுரையில் திறந்து பார்த்த டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லா உடல், ராயபுரம் கடற்கரையில் தலை. குற்றவாளிகளான தம்பதியில் கணவனுக்கு 7 ஆண்டும் மனைவிக்கு 3 ஆண்டும் தண்டனை. எழுபது ஆண்டு கடந்த வழக்கு, தீர்ப்பு வந்து முடிந்தும் விட்டது. இங்கே ஆபத்து குறைவு. ஆனாலும் அந்த விசாரணையில் செத்தவரின் நடத்தைதான் அதிகம் அலசப்பட்டது. உங்கள் கதையில் அதை எட்டிப் பார்க்கிற இரண்டு பத்திகள் பிள்ளைகளுக்குப் புரியவும் போவதில்லை, குடும்பத்தாருக்கு வலிக்காமலும் போகாது. எடுத்துவிடுங்கள். ஆளவந்தார் என்ற பெயரும் வேண்டாம். இரவு ரயில், பூட்டிய பெட்டி, யாருடையது என்று கேட்டால் ரயிலில் இருக்கும் எல்லோரும் 'என்னுடையது இல்லை' என்பது, சிறுவன் மட்டும் உள்ளிருந்து தட்டும் சத்தத்தைக் கேட்பது. இவை உங்களுடையவை. இவற்றுக்கு எந்தக் கோர்ட்டிலும் நோட்டீஸ் வராது.

உண்மை நிகழ்ச்சிக்கும் கதைக் கருவுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு வாரப் பத்திரிகைத் தொடரிலிருந்து உரையாடல்களை எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உரையாடல் இன்னொருவரின் எழுத்து. அதை மாற்றியே ஆகவேண்டும்.

அந்தச் சிறுமி

இந்தக் கதையில் பெயரை மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் மாரியம்மன் திருவிழா அப்படியே இருக்கிறது. ராட்டினம் இருக்கிறது. பாதி நனைந்த மஞ்சள் கவுன் இருக்கிறது. ஊரணிப் படிக்கட்டு இருக்கிறது. அவள் படித்த வகுப்பும், அப்பா பார்த்த வேலையும் இருக்கின்றன. உங்கள் தாலுகாவில் யார் படித்தாலும் இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

சட்டம் கேட்பது பெயரை மறைப்பதை மட்டும் அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் தெரியவைக்கும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. தண்டனை 6 மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு இதையே இன்னும் விரிவாகச் சொல்கிறது, குற்றத்தைக் கண்ட குழந்தை சாட்சியையும் சேர்த்து. உங்கள் கதையில் வரும் 'தோழி' நிஜ வழக்கில் சாட்சி என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட கதுவா சிறுமியின் வழக்கில் அடையாளத்தை வெளியிட்ட ஊடக நிறுவனங்களைத் தலைக்கு 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். 'இது செய்தி இல்லை, கதைதானே' என்று வாதாடலாம். அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம்.

தாயின் சம்மதம் பற்றி. 2018-ல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர் இறந்திருந்தாலும் பெயரையோ, மறைமுகமாக அடையாளம் காட்டும் எதையுமோகூட வெளியிடக் கூடாது. நெருங்கிய உறவினர் சம்மதித்தாலும், வெளியிடத் தகுந்த காரணம் இருக்கிறதா என்று செஷன்ஸ் நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அதையும் விட, அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். டீச்சர் வந்திருக்கிறார், நல்லதுக்குத்தான் கேட்பார் என்று அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். மறுக்கத் தெரியாதவரிடம் வாங்கும் சம்மதம் அது.

உங்கள் கதை பக்கத்து வீட்டுக்காரனைக் கொலைகாரனாகக் காட்டுகிறது. வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. நாளைக்கு அவர் விடுதலையானால்? அமெரிக்காவில் ஃபால் ரிவர் என்ற ஊரில் 1892-ல் தந்தையும் மாற்றாந்தாயும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மகள் லிஸி போர்டன் மேல் வழக்கு. 1893-ல் ஜூரி அவரை விடுதலை செய்தது. ஆனால் கயிறு தாண்டி விளையாடும் பிள்ளைகள் பாடுகிற பாட்டில் இன்றைக்கும் அவர்தான் கொலைகாரி. அந்தப் பாட்டு சொல்கிற வெட்டுகளின் எண்ணிக்கையும் நடந்ததைவிட மிக அதிகம். ஜூரியின் விடுதலையால் அந்தப் பாட்டைத் திருத்த முடியவில்லை. அதுபோக, நடந்துகொண்டிருக்கும் விசாரணையைப் பாதிக்கும்படி எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு என்ற தலைவலியும் சேரும்.

அந்தக் குழந்தைக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்ற தவிப்பில்தான் நீங்கள் அவளை ஆவியாக வரவழைத்தீர்கள் என்பது கதையைப் படித்தாலே தெரிகிறது. அந்தத் தவிப்பு இருக்கட்டும். அவளுடைய தம்பியோ, பெரியம்மா மகளோ இப்போது உங்கள் வாசகரின் வயதில்தான் இருப்பார்கள். பள்ளி நூலகத்தில் அந்தப் புத்தகம் அவர்கள் கையில் கிடைக்கும். அக்கா பேயாக வரும் படத்தை வகுப்பே சுற்றி நின்று பார்க்கும். அந்த இடத்தில் இந்தச் சட்டங்கள் எல்லாம் எழுதப்படாமல் இருந்தாலும் என் பதில் இதேதான்.

பதிப்பாளரிடம் பேச வேண்டியவை

'யாவும் கற்பனையே' என்ற வரி கேடயம் இல்லை. அடையாளம் தெரிந்தால் தெரிந்ததுதான். அதிலும் அட்டையில் 'உண்மைச் சம்பவம்', உள்ளே 'கற்பனை' என்று இரண்டையும் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு பக்கத்தையும் நீதிபதியிடம் ஒன்றாக நீட்டுவார். அட்டை வாசகத்தை 'திகில் கதைகள்' என்று மாற்றச் சொல்லுங்கள். பதிப்பாளர் முரண்டு பிடித்தால், மூன்றாவது கதையை நீக்கியதற்கும் சேர்த்துக் காரணத்தை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நூலால் எழும் எல்லா வழக்குச் செலவும் நஷ்ட ஈடும் ஆசிரியரையே சேரும் என்று ஒரு பத்தி இருக்கிறது. அட்டை வாசகத்தை முடிவு செய்வது அவர், அதனால் வரும் நோட்டீஸுக்குப் பணம் கட்டுவது நீங்கள், உங்கள் பென்ஷனிலிருந்து. அட்டை, விளம்பரம், படங்கள் ஆகியவற்றால் வரும் பொறுப்பு பதிப்பாளருடையது என்று அந்தப் பத்தியைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய இடத்தில் இருவரும் கையெழுத்திட்ட பிரதி உங்கள் கைக்கு வந்த பிறகு கதைகளை அனுப்பினால் போதும்.